பட்டாளத்துக் குதிரை

ஆவணக் காப்பகத்தின் மேசை விளக்கு அந்தப் பழைய பட்டாளப் பதிவேட்டின் மேல் மஞ்சளாக விழுகிறது. அண்ணன் கேட்டுக் காத்திருந்த ஏடு இது. அவன் இறந்துபோன பிறகுதான் அனுமதி வந்தது. எங்கள் பாட்டனுக்குப் பாட்டன் இந்தப் படையில் பீரங்கி இழுத்த அடிமை. அவர் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அண்ணனின் ஆசை. காப்பாளர் வெள்ளைக் கையுறையோடு தாளைப் புரட்டுகிறார். "கையெழுத்தைப் பாருங்கம்மா, முத்து முத்தா!" குதிரைகளுக்குப் பெயர் இருக்கிறது: மின்னல், ராணி, புயல். கீழே அடிமைகள்: வயது, பல்லின் நிலை, தோளில் சூடு போட்ட இடம். பெயர் மட்டும் இல்லை. ராணி செத்த நாளைச் சுற்றிக் கறுப்புக் கட்டம் போட்டு, பட்டாளமே அழுததாக எழுதியிருக்கிறான் பட்டாளக் கணக்கன். அடுத்த வரியில், பாலத்தடியில் நசுங்கிய அடிமைகளுக்குப் பதில் புது ஆட்கள் வந்தாயிற்று என்கிறான். "இந்தப் பக்கத்தைத்தான் கண்காட்சிக்கு வைக்கிறோம். வாயில்லா ஜீவன் மேல என்ன பாசம் பாருங்க!" என்கிறார் காப்பாளர். "எங்க பாட்டன் குதிரையாப் பொறந்திருக்கணும் சார்," என்கிறேன். அவர் வாய்விட்டுச் சிரிக்கிறார். பிறகு ராணியின் பக்கத்தில் பட்டு நாடாவை வைத்து, தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்திவிடுவதுபோல, அலுங்காமல் ஏட்டை மூடுகிறார்.