தூங்குகரடிக்குத் தெரிந்த சீட்டு

தன் சீட்டை எவனோ திருட்டுத்தனமாகப் பார்க்கிறான் என்பதில் ருமெனுக்கு இம்மியளவும் ஐயமில்லை.

கணினியில் ஒமாஹா என்னும் சீட்டாட்டம் ஆடுபவன் அவன். ஆளுக்கு நான்கு சீட்டு. நடுவில் எவ்வளவு பணம் சேர்ந்திருக்கிறதோ அதற்குமேல் ஒரு தடவையில் எவரும் கட்டலாகாது. இந்த ஆட்டத்தில் தன்னை விஞ்ச பிளாவ்திவ் நகரத்திலேயே ஆளில்லை என்று மாமனார் வீட்டு விருந்துகளில் அவன் முழங்காத நாளில்லை. அப்பேர்ப்பட்டவனைத் ‘தூங்குகரடி’ என்ற புனைபெயரில் எவனோ ஓராண்டாக மொட்டையடித்துக்கொண்டிருந்தான். ருமென் நல்ல சீட்டோடு கட்டினால் கரடி ஒதுங்கிவிடும்; ஒன்றுமில்லாமல் மிரட்டிப் பார்த்தால் பாய்ந்து வரும்.

வீட்டுக் கூரையை மாற்றுவதற்கென்று வைத்திருந்த பணத்தில் பாதி கரைந்துவிட்டது. மீதி அந்தச் சூதாட்ட நிறுவனத்தின் கணக்கில் கிடந்தது. ருமென் நிறுவனத்திடம் புகார் கொடுத்திருந்தான். விசாரணை அதிகாரி ஞாயிறு பிற்பகலில் தொலைபேசியில் அழைப்பதாகச் சொல்லியிருந்தார்.

திருடன் யாரென்பதும் ருமெனுக்கு ஏறக்குறையத் தெரியும். மனைவி இஸ்க்ராவின் அண்ணன் ஸ்பாஸ், கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன். ருமெனுடைய கணினியைப் பிரித்துச் சரிசெய்து கொடுத்தவனும் அவனே. ஆகவே, கையும் களவுமாகப் பிடிக்கும் எண்ணத்தோடு ருமென் அவனை ஞாயிறு விருந்துக்கு அழைத்து, சமையலறை மேசையில் தன் எதிரிலேயே உட்கார்த்தி வைத்திருந்தான்.

ஸ்பாஸ் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பானிட்சாவின் மூன்றாவது துண்டை மென்றுகொண்டே கேட்டான்: “மாப்பிள்ளை, ஒருவேளை உனக்கு ஆடவே தெரியலையோ? சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.”

“சீட்டைப் பத்தித் தெரியாதவங்க திங்கறதுக்கு மட்டும் வாயைத் திறந்தாப் போதும், மச்சான்.”

“மழை வந்தா உங்க கரடியா வந்து கூரைக்கடியில வாளி வைக்கும்?” என்றாள் இஸ்க்ரா அடுப்படியிலிருந்து.

ருமென் திரையின் பக்கம் திரும்பினான். இரண்டு ஆஸ், இரண்டு ராஜா என்று அருமையான கை வந்திருந்தது. நடுவிலிருந்த பணத்துக்குச் சமமாக முழுத் தொகையையும் கட்டினான். கரடி மறுகணமே சீட்டைப் போட்டுவிட்டு விலகிக்கொண்டது.

“பார்த்தியா? தெரிஞ்சுக்கிட்டான்!”

அடுத்து வந்தது வெறும் குப்பை. குப்பைக்கு எதற்கு வீண் செலவு என்று மூன்றில் ஒரு பங்கு மட்டும் கட்டி மிரட்டினான். கரடி உடனே தொகையைத் திருப்பி ஏற்றியது.

ருமென் ஓரக்கண்ணால் பார்த்தான். மேசைக்கடியில் ஸ்பாஸின் கட்டைவிரல் கைப்பேசியின்மேல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே பாய்ச்சலில் அதைப் பிடுங்கினான். திரையில் தெரிந்தது கால்பந்து ஆட்டத்தின் கோல் கணக்கு.

“என்னையா சந்தேகப்பட்டே?” என்று ஸ்பாஸ் சீறினான். “உன் கணினியைத் தொடவே எனக்கு அருவருப்பா இருக்குய்யா! திறந்தா உள்ள பூரா சூரியகாந்தி விதைத் தோலு!”

அந்நேரம் ருமெனின் தொலைபேசி ஒலித்தது. எல்லார் காதிலும் விழும்படி அதை மேசை நடுவில் வைத்தான்.

“கேட்டுக்கோங்க. திருடன் யாருன்னு இப்பத் தெரியும்.”

அதிகாரியான பெண்மணி மிகவும் மரியாதையாகப் பேசினார். “உங்க புகாரைத் தீர விசாரிச்சோம், ருமென் சார். உங்க மேசையில மோசடி நடந்திருக்குன்னுதான் எங்களுக்கும் தோணுது.”

ருமென் மனைவியையும் மைத்துனனையும் வெற்றிக்களிப்போடு பார்த்தான். “என் சீட்டைப் பார்த்தது யாரும்மா?”

“யாரும் பார்க்கல சார். நீங்களேதான் சொல்லிக்கிட்டு இருந்திருக்கீங்க. கை நல்லா இருந்தா முழுசாக் கட்டறீங்க. சுமாரா இருந்தா பாதி. ஒண்ணுமே இல்லேன்னா மூணுல ஒரு பங்கு. வருஷம் பூரா ஒரு தடவைகூட இது மாறல. கட்டற தொகையை வெச்சே கரடிக்கு நீங்க சைகை காட்டிப் பணத்தைக் கைமாத்தறீங்கன்னு எங்க நிபுணர்கள் சொல்றாங்க. கூட்டுச் சதி.”

ஸ்பாஸ் மெல்லுவதை நிறுத்தினான்.

“ஐயையோ! அவனை நான் கண்ணால பார்த்ததுகூட இல்லையே!” என்று ருமென் அலறினான்.

“அப்படின்னா இன்னொண்ணுதான் இருக்க முடியும் சார். உங்களுக்கு நிஜமாவே ஆடத் தெரியல. அது குற்றமில்ல. ‘எனக்குத் தெரிஞ்ச ஆட்டமே இவ்வளவுதான்’னு உங்க வாயால சொல்லிடுங்க, பதிவு பண்ணிக்கிட்டு மீதிப் பணத்தை இன்னைக்கே திருப்பி அனுப்பிடறோம். சதின்னு ஒத்துக்கிட்டா ஒரு காசு வராது.”

இஸ்க்ரா ஓடிவந்து கணவனின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். “சொல்லித் தொலைங்களேன்! நம்ம கூரைப் பணம்!”

ருமென் வாயைத் திறந்தான். எதிரே ஸ்பாஸ், சிரிப்பை அடக்க முடியாமல் முகமெல்லாம் சிவந்து, காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான்.

ருமென் எழுந்து நின்றான், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான், தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

“சதிதாம்மா,” என்றான் கம்பீரமாக. “கரடி நம்ம ஆளுதான்.”