பாலத்தில் கேட்ட கேள்வி

“அம்மா, பஸ் ஏறிடாதே! பெட்டியைப் பிரிச்சுட்டேன். நான் மருங்காபுரிக்கு வரல!” ஸ்ரீரங்கத்திலிருந்து போனில் கத்தினாள் பவித்ரா.

மகளை அழைத்துவரக் கிளம்பி நின்ற ஆனந்தவள்ளி திகைத்தாள். “நேத்துதானேடி அழுத? ‘வண்டியில போறப்ப என்ன பேசினாலும் பதிலே இல்ல, அவருக்கு என்னைப் பிடிக்கல’ன்னு?”

“அதெல்லாம் முடிஞ்சுபோச்சும்மா! இன்னிக்கு ஸ்கேன்ல தெரிஞ்சுடுச்சு. மிளகு அளவுதான் இருக்கு!”

“முருகா! எத்தனை மாசம்டி?”

“ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்குமாம்.”

“என்னடி உளர்ற?”

“ஸ்கேன் எடுத்தது உன் மாப்பிள்ளைக்கும்மா. தலைசுத்துதுன்னு போனோம். இடது உள்காதுல கட்டியாம். ரொம்ப அபூர்வமாம். புற்று இல்ல, வருஷா வருஷம் பாத்துக்கிட்டா போதுமாம். ஆனா அந்தக் காது கேக்காது. கொஞ்சம் கொஞ்சமா போனதால அவருக்கே தெரியல!”

“அதுக்கா இவ்வளவு சந்தோஷம்?”

“பின்னே? சேலையோட ஸ்கூட்டர்ல ஒருபக்கமா உக்காந்து, ரெண்டு வருஷமா நான் பேசினதெல்லாம் அந்தக் காதுலதானேம்மா!”

அன்று மாலை பவித்ரா சுடிதார் அணிந்து, இருபக்கமும் கால் போட்டு ஸ்கூட்டரில் உட்கார்ந்தாள். காவிரிப் பாலம் வந்ததும் கணவனின் வலது தோளில் முகவாயை வைத்தாள். கல்யாணமான புதிதில் இதே பாலத்தில் கேட்டுப் பதில் கிடைக்காத கேள்வியை மறுபடி கேட்டாள்.

“என்னை உங்களுக்குப் பிடிச்சிருக்கா?”

ஹரிஹரசுதன் வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் திரும்பினான்.

“இதைக் கேக்கவா உனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு?”