நுனி போன இறக்கை

படகின் அடியில் தண்ணீரைத் தள்ளும் பித்தளை விசிறிக்கு மூன்று இறக்கைகள். மூன்றும் அண்ணன் தம்பிகள். ஒருநாள் பாறையில் மோதி, கடைசித் தம்பிக்கு நாலு விரற்கடை நுனி உடைந்துபோனது. அன்றிலிருந்து ஓடும்போதெல்லாம் குளிர்காய்ச்சல் வந்த மாதிரி படகு உதறியது.

மூத்த இறக்கைக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "முழுசா இருக்கிற நான், இந்த மொட்டைப் பயலோட சேர்ந்து சுத்தணுமா? மானம் போகுது!"

"அந்த நேரம் நான் கீழ இருந்தேண்ணே. கொஞ்சம் பிந்தியிருந்தா நீங்கதான்" என்றது கடைசித் தம்பி.

"வாயை மூடு! நானா இருந்தா பாறையைப் பிளந்திருப்பேன்!"

"விடுங்கண்ணே, ஒரே அச்சுலதானே சுத்துறோம்" என்றது நடுவில் பிறந்தது.

"ஓ, நீயும் அவன் கட்சியா?"

படகைக் கரையேற்றினார்கள். மெக்கானிக் கஸ்பார் விசிறியைக் கழற்றி மணலில் வைத்து, உலோகம் அறுக்கும் கிரைண்டரை எடுத்தார்.

"அடியோட வெட்டுங்க அவனை!" என்று கத்தியது மூத்தது.

கஸ்பார் உடைந்த இறக்கையை நூல் பிடித்து அளந்தார். அதே நூலை நடுவில் பிறந்ததன்மேலும் மூத்ததன்மேலும் வைத்து, சாக்பீஸால் கோடு போட்டார்.

"புதுசு வர்ற வரைக்கும் ஓடணுமே. மூணும் ஒரே அளவா இருந்தாத்தான் உதறாது" என்றார் படகுக்காரரிடம்.

"ஐயோ, நான் முழுசா இருக்கேனே!"

கிரைண்டர் அலறியது.

மறுநாள் படகு உதறாமல் ஓடியது.

"ரொம்ப வலிக்குதாண்ணே?" என்று கேட்டது கடைசித் தம்பி.

"பேசாம சுத்துடா!" என்று சீறியது மூத்தது.