குறை சொல்ல வந்தவள்

விற்பனைக்கு வந்த வீட்டின் படுக்கையறை அலமாரியை மனைவி படாரென்று திறந்ததும் கணக்கு வாத்தியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வீடு பார்க்கப் போனால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அவருக்கே பாடம் எடுத்தவள் அவள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கணும், கேட்காமல் எதையும் தொடக் கூடாது. போன வாரம் ஒரு வீட்டில் அவர் சும்மா ஒரு குழாயைத் திருகிப் பார்த்துவிட்டு, வீடு வந்து சேரும்வரை வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இன்றைக்கும் உள்ளே வரும்போது நல்லபடியாகத்தான் வந்தாள். வெளிச்சம் கொட்டுகிற கூடம். வாத்தியாருக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. விலை ஏறிவிடுமே.

வீட்டுக்காரர் கூடத்தின் ஒரு மூலையில் நின்றார். அவர் மனைவி எதிர் மூலையில்.

"கட்டி எத்தனை வருஷம் ஆச்சுங்க?" என்று வாத்தியார் கேட்டார்.

"அதெல்லாம் அவங்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும்" என்றார் வீட்டுக்காரர், ஜன்னலைப் பார்த்தபடி.

அந்த அம்மாள் தரகரிடம் திரும்பினாள். "பத்திரம் அவர்கிட்ட இருக்கு. எடுத்துப் பார்க்கச் சொல்லுங்க."

தரகர் வாத்தியாரின் காதைக் கடித்தார். "ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது சார். வீட்டை வித்துட்டு ஆளுக்கொரு பக்கமாப் பிரிஞ்சு போறாங்க. அவசரம். கொஞ்சம் அடிச்சுக் கேட்டாலும் படியும்."

பக்கத்தில் நின்ற மனைவி காதிலும் அது விழுந்தது. அதற்குப் பிறகுதான் இந்தக் கூத்து.

"என்ன இது, கதவு இந்த இழுப்பு இழுக்குது?" அலமாரியை ஆட்டிப் பார்த்தாள். "வேலை தெரியாத யாரோ செஞ்ச மாதிரி இருக்கு."

பின்னாலேயே வந்த வீட்டுக்காரர் முகம் சுருங்கிப்போனது.

ஓகோ, விலையைக் குறைக்க வழி பண்ணுகிறாள் என்று வாத்தியார் நினைத்துக்கொண்டார். இத்தனை நாள் இந்தத் திறமையை எங்கே ஒளித்து வைத்திருந்தாளோ.

"வேலை தெரியாதவர் ஒண்ணும் செய்யலை" என்றது அறை வாசலிலிருந்து ஒரு குரல். வீட்டுக்கார அம்மாள். "லீவு போட்டு உட்கார்ந்து அவரே இழைச்சது. இதுவரைக்கும் ஒரு ஆணி கழண்டதில்லை."

வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அதற்குள் அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வாத்தியார் மனைவி சமையலறைக்குள் நுழைந்தாள். "ஐயய்ய, இந்தப் பச்சைப் பெயின்டை யார் பார்த்து எடுத்தாங்க? ஆஸ்பத்திரி வராந்தா கெட்டுது போங்க."

"ஆஸ்பத்திரியா?" வீட்டுக்காரருக்குச் சுருக்கென்றது. "இந்த ஒரு கலருக்காக அவ எத்தனை கடை ஏறி இறங்கினான்னு உங்களுக்குத் தெரியுமா? வந்தவங்க எல்லாரும் இதைத்தான் முதல்ல நல்லா இருக்குன்னு சொல்லுவாங்க."

"நான் பார்த்ததைச் சொன்னேன்."

"பார்க்கத் தெரியணும்" என்றாள் வீட்டுக்கார அம்மாள்.

தரகர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். வாத்தியார் தன் மனைவியின் முழங்கையை மெல்லத் தொட்டார். "போதும், கிளம்பலாம்."

அவள் கேட்டால்தானே? "இந்த ஜன்னலைப் பாருங்க. போயும் போயும் இந்தப் பக்கமா வைப்பாங்க?"

"வேணும்னுதான் வெச்சோம்" என்றார்கள் இருவரும், ஏககாலத்தில்.

"காலையில வேலை செய்யறப்ப முகத்துல வெயில் அடிக்கக் கூடாதுன்னு..." என்று அந்த அம்மாள் ஆரம்பிக்க, "கொத்தனார்கிட்டச் சண்டை போட்டு மாத்தினோம்" என்று அவர் முடித்தார்.

"என்னவோ போங்க. வாங்கினா மொத்தத்தையும் இடிச்சுட்டுத்தான் குடி வர முடியும்."

"நீங்க வாங்கவே வேண்டாம்" என்றாள் வீட்டுக்கார அம்மாள்.

வீட்டுக்காரர் நடந்து வந்து மனைவி பக்கத்தில் நின்றார். "வாசல் அந்தப் பக்கம்."

காரில் ஏறியதும் வாத்தியார் பொரிந்து தள்ளினார். "மானமே போச்சு. பேரம் பேசறதுக்கும் ஒரு அளவு இல்லையா? பாவம், ஏற்கெனவே நொந்து போயிருக்காங்க. அவங்ககிட்டப் போய் இப்படியா பேசறது? வர வேண்டிய வீட்டையும் கெடுத்துட்டே."

"வண்டியை எடுங்க" என்றாள்.

சாயங்காலம் தரகர் போனில் கத்தினார். வாத்தியார் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார். "என் பிழைப்பைக் கெடுத்துட்டீங்களே சார். இப்போதைக்கு வீட்டை விக்கிறதா இல்லை, யாரையும் கூட்டிட்டு வராதீங்கன்னு சொல்லிட்டாங்க. உங்க வீட்டம்மாவைத் திட்டின திட்டு இருக்கே..."

மனைவி போனைப் பிடுங்கினாள். "யாரு திட்டினது? அவரா, அந்த அம்மாவா?"

"ரெண்டு பேரும்தாம்மா. ஒரே போன்ல. அவர் எதையாவது விட்டுட்டா அந்தம்மா பக்கத்துல இருந்து எடுத்துக் கொடுக்கறாங்க. நடுவுல சிரிப்புச் சத்தம் வேற."

அவள் முகம் மலர்ந்துபோனது. போனை வாத்தியாரிடம் நீட்டினாள்.

"அந்தப் பச்சைக் கலரும் ஜன்னலும் என் கண்ணுலயே நிக்குதுங்க, அப்படி ஒரு வீடு நமக்கு இனிமே அமையாது. ஆனா என்ன பண்றது, அவங்க ரெண்டு பேருக்கும் சேர்ந்து திட்ட ஒரு ஆள் தேவைப்பட்டுச்சே."