மேல் வீட்டுச் சத்தம்

'தொம்.'

லபீப் கண்ணை மூடியபடியே பல்லைக் கடித்தார். ஜெபம் ஆரம்பித்து ஒரு நிமிஷம் ஆகவில்லை, அதற்குள் மேலே ஆரம்பித்தாயிற்று.

"ஆண்டவரே, லிபியாவுக்கு வேலைக்குப் போய் தகவலே இல்லாத ரம்ஸியோட தம்பியை..."

'தொம்.' கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து பிஸ்கட் தட்டில் விழுந்தது.

ஷுப்ரா பேட்டையில் லபீப் வீட்டு ஜெபக்கூட்டம் என்றால் தெருவுக்கே தெரியும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழெட்டுப் பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யாருக்கெல்லாம் கஷ்டமோ அவர்கள் பேரையெல்லாம் சொல்லி ஜெபிப்பார்கள். டீயும் உண்டு. பெரிய நோன்புக் காலம் என்பதால் பால், வெண்ணெய் சேராத பிஸ்கட்.

எல்லாம் நன்றாகத்தான் நடந்தது, மேல் வீட்டுக்கு ஷபீக்கா என்ற அந்த விதவை அம்மாள் தனியாகக் குடிவரும் வரை.

"கோயில்ல பார்த்தா சிலுவை போட்டுக்குது. வீட்டுக்கு வந்தா உலக்கை போடுது" என்றான் ரம்ஸி. "வாட்ச்மேன்கிட்ட சொல்லி அனுப்பினீங்களே அண்ணே, என்னாச்சு?"

"போய்ச் சொல்லியிருக்கான், நீங்க பண்றது கீழ கேக்குதும்மான்னு. 'கேக்குதா? நல்லது'ன்னு சிரிச்சுதாம்."

"கொழுப்புதான்."

மேலே சத்தம் கொஞ்சம் ஓய்ந்தது. இதுதான் சமயம் என்று ரம்ஸி துடைப்பக் கட்டையை எடுத்துக் கூரையில் ரெண்டு இடி இடித்தான்.

மேலிருந்து உடனே பதில் வந்தது. 'தொம். தொம்.'

"பார்த்தீங்களா? எதிர்த்துப் பேசற மாதிரியே இருக்கு."

மற்ற நாளென்றால் லபீப் பொறுத்துப் போயிருப்பார். மறுநாள் காலையில் அவர் மனைவி அமாலுக்கு இதய ஆபரேஷன். ஒவ்வொரு சத்தத்துக்கும் திடுக்கிட்டு, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். அவள் இல்லாமல் தனக்கு ஒரு வேளை டீகூட இறங்காது என்று லபீபுக்குத் தெரியும். இன்றைக்காவது அவளுக்காக நிம்மதியாக நாலு வார்த்தை ஜெபிக்க வேண்டும்.

"ஆண்டவரே, என் அமாலை..."

'தொம்.'

"நாளைக்கு அவளை உம்முடைய கையில..."

'தொம்.'

"அந்த டாக்டருங்களை..."

'தொம்.'

லபீபுக்குப் பாதி அழுகை, பாதி ஆத்திரம். அமாலுக்கான ஜெபத்தை அப்படியே விட்டுவிட்டு, வாராவாரம் கடைசியில் சொல்வதை முன்னாலேயே ஆரம்பித்துவிட்டார். ஜெபத்தில் ஒருவரைப் பேர் சொல்லித் திட்டுவது நாகரிகமில்லை, ஆகவே எப்போதும் கொஞ்சம் மூடி மறைத்துத்தான் சொல்வார்.

"ஆண்டவரே, ஒரு ஆத்துமா இருக்கு. பேர் சொல்ல வேண்டாம், உமக்கே தெரியும். அதுக்குச் சீக்கிரமா ஒரு நல்ல வீடாப் பார்த்துக் கொடும். தூரமா கொடும். தரைத்தளமா கொடும்."

"ஆமென்!" அன்றைக்கு எல்லோரும் மனசாரச் சொன்ன ஆமென் அது ஒன்றுதான்.

'தொம். தொம். தொம்.'

லபீப் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"என்னங்க, வேண்டாம். நாளைக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போற நேரத்துல சண்டை எதுக்கு?"

"சண்டை இல்ல. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி, அவ்வளவுதான்."

படியேறிப் போய்க் கதவை இடித்தார். வெகுநேரம் கழித்துத் திறந்தது. ஷபீக்கா அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு இரைத்தது. நெற்றி சிவந்து புழுதியாக இருந்தது.

"வாங்க தம்பி. அமாலுக்கு நாளைக்கு எத்தனை மணிக்கு?"

லபீப் விழித்தார். "உங்களுக்கு எப்படி..."

"நீங்க சத்தமா ஜெபிக்கிறது சமையல்கட்டு ஜன்னல் வழியா கேக்குதே. கீழ வந்து உங்களோட உட்காரத்தான் ஆசை. வாரத்துல ஒரு தரம் கோயிலுக்கு இறங்கி ஏறறதுக்கே உயிர் போகுது. அதான் நீங்க பேர் சொல்லச் சொல்ல, இங்கேயே ஒரு பேருக்கு ஒரு தரம் நெத்தி தரையில பட விழுந்து கும்பிட்டுக்கறேன். மூட்டு மடங்க மாட்டேங்குது தம்பி. மெல்லமா இறங்க வரல, பொத்துன்னு விழுந்துடறேன்."

மேஜையில் அவித்த மொச்சை மூடி வைத்தபடி இருந்தது. அவர் பார்ப்பதைப் பார்த்தாள்.

"சாப்பிட்டுட்டு விழுந்து கும்பிடக் கூடாதில்லையா? உங்க கூட்டம் முடியட்டும்னு வெச்சிருக்கேன்."

கீழே பிஸ்கட் தட்டு இந்நேரம் காலியாகியிருக்கும். லபீபுக்கு வெட்கமாக இருந்தது. கொண்டுவந்த நாலு கேள்வியோடு அப்படியே திரும்பப் பார்த்தார்.

"கீழ கேக்குதுன்னு வாட்ச்மேன் சொன்னான். தனியா இல்ல, உங்க கூட்டத்துல நானும் ஒரு ஆளுன்னு சந்தோஷமாப் போச்சு. நடுவுல மூச்சு வாங்க நின்னாக்கூட நிறுத்தாதேன்னு தட்டிச் சொல்றீங்களே, அதுதான் எனக்குத் தெம்பு."

"சரிம்மா, நீங்க... சாப்பிடுங்க" என்று முணுமுணுத்துவிட்டு லபீப் படியில் கால் வைத்தார்.

"ஒண்ணு கேக்கணும் தம்பி. வாராவாரம் ஒரு ஆத்துமாவுக்கு வீடு கிடைக்கணும்னு கேக்கறீங்களே, யாரு அது? பாவம், தங்க இடமில்லாம என்ன பாடு படுதோ. பேர் சொல்ல மாட்டேங்கறீங்க, ஆண்டவருக்கு ஆள் மாறிடக் கூடாதேன்னு அதுக்கு மட்டும் நான் மூணு தரம் விழறேன்."