சித்தப்பாவின் குணச்சித்திரம்

மேனேஜர் அறை மணி அலறியது. குமாஸ்தா விழுந்தடித்து ஓடினார். நாளைக் காலை மனைவியோடு ஊர் சுற்றப் போக டிக்கெட் எடுத்தாயிற்று. லீவு கிடைக்காவிட்டால் வீட்டுக்குள் கால் வைக்க முடியாது.

"உங்க மாமியாருக்கு இடுப்புவலி எப்படி இருக்கு சார்?" என்று ஐஸ் வைத்தபடியே உள்ளே நுழைந்தார்.

"அப்படியேதான் இருக்கு. லீவு லெட்டர்ல எழுதியிருக்கீங்களே, உங்க சித்தப்பாவுக்கு என்ன?"

"சீரியஸ் சார். படுத்த படுக்கை."

"பாவம். போன தடவை மாடிப்படியில உருண்டாரு. அதுக்கு முந்தின தடவை செத்தே போனாரு. ஆபீஸே எழுந்து நின்னு மௌனம் அனுசரிச்சோம்."

குமாஸ்தா அவசரமாகக் குறுக்கிட்டார். "செத்தது பெரியவர் சார். இவர் சின்னவர்."

"ரெண்டு பேருக்கும் ஒரே பேரா? உட்காருங்க. ஒரு ஆளைக் கற்பனை பண்றதுன்னா சும்மாவா? அவர் கோபக்காரரா, பயந்தாங்கொள்ளியா, உங்களுக்கே தெரியாது. வாழ ஆசையா, சாக ஆசையா, அதுவும் தெரியாது. பிரச்சினை மட்டும் மாசத்துக்கு ஒண்ணு. யார் நம்புவா?"

"மன்னிச்சிடுங்க சார். லீவு..."

"எடுத்துக்குங்க. இனிமேலாவது ஒரே ஆளு, ஒரே வியாதின்னு இருங்க."

கையெழுத்துப் போட்டுவிட்டு மேனேஜர் குரலைத் தாழ்த்தினார்.

"என் மாமியாரைப் பாருங்க. பிடிவாதக்காரி. எழுந்து நடக்கணும்னு ஆசை, ஆனா ஆஸ்பத்திரின்னா பயம். நான் கூட வந்தாத்தான் டாக்டர்கிட்டயே போவாங்க. வருஷக்கணக்கா அதே இடுப்புவலி. ஹெட் ஆபீஸ்ல ஒருத்தனுக்காவது சந்தேகம் வந்துச்சா, எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலைன்னு?"