உள்ளங்கையின் பிடி

சாஃப்ட்பால் வீசும் சிறுமி மேகலாவின் உள்ளங்கைக்குப் பந்தின் மேல் அத்தனை பாசம். வீசும்போதும் அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். பந்து தாமதமாகக் கிளம்பி, பிடிப்பவளின் தலைக்கு மேலே பறக்கும். இன்னொரு முறை அப்படிப் போனால் மேகலாவை ஆட்டத்திலிருந்து எடுத்து வேலியோரம் நிறுத்திவிடுவார்கள். பந்து வேறு யார் கைக்கோ போய்விடும்.

“அக்கா, கொஞ்சம் தள்ளிக்குங்க. மூச்சு முட்டுது” என்றது பந்து.

“விட்டா விழுந்துடுவியே, கண்ணு.”

“என் தையல் மேல விரலுங்க இருக்காங்களே, பிடிச்சுக்க மாட்டாங்களா?”

“அதுங்களா? இந்தச் சுண்டுவிரலுக்கு என்ன தெரியும்?”

“காது குடையத் தெரியும்” என்றது சுண்டுவிரல்.

உள்ளங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் அது குழிந்தது. நடுவே காற்று புகுந்தது. அந்த நேரம் பார்த்து மேகலா கையைச் சுழற்றினாள். விரல்கள் தையலைச் சுண்டிவிட, பந்து நேராகப் போய்ப் பிடிப்பவளின் கையுறைக்குள் பட்டென்று விழுந்தது.

உள்ளங்கை வெறுமையாக விரிந்து கிடந்தது.

பிடிப்பவள் பந்தைத் திருப்பி எறிந்தாள். மேகலா அதை மறுபடி கையில் எடுத்தாள்.

“அந்தக் கையுறைக்குள்ள ஒரே வேர்வை நாத்தம்க்கா” என்றது பந்து.

“அப்படியா?” என்று கேட்டது உள்ளங்கை. கேட்டுக்கொண்டே, யாரும் சொல்லாமல், கொஞ்சம் குழிந்துகொண்டது.